சின்னவள் சொன்ன ஓகே

கல்லோயாவில் அணை கட்டிய வருடங்களில் அமெரிக்கர்கள் மலையை உடைத்தார்கள், ஆற்றை மறித்தார்கள், எங்கள் மாமாவின் வாயில் ஒரு சொல்லையும் வைத்து அனுப்பினார்கள். உம்மாவின் தம்பியான மாமா அங்கே மண் லொறி ஓட்டினார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குக் கல்முனையில் வந்திறங்கும்போது தலைமயிரில் செம்மண்ணும் நாக்கில் ‘ஓகே’யும் இருக்கும். மீன் ஆணத்துக்கு உப்புப் போதுமா என்றால் ஓகே. மழை வருமா என்றாலும் ஓகே. கோழி அரிசிப் பெட்டிக்குள் இறங்கிவிட்டது என்று உம்மா கத்தினால் அதற்கும் ஓகே. எனக்கு அப்போது ஏழு வயது. பூனைக்குச் சொன்னேன், கடலுக்குப் போய்ச் சொன்னேன். அலை வந்து என் பாவாடையை நனைத்துவிட்டு, சம்மதம் போலத் திரும்பிப் போயிற்று.

“ஓகேக்குப் பதிலா ஓம் எண்டு சொன்னா வாய் தேஞ்சிருமாடா?” என்பார் வாப்பா.

“மச்சான், ஓம் எண்டா நாம பொறுப்பெடுக்கோணும். ஓகே எண்டா மெசின் பொறுப்பெடுக்கும்.”

ஒரு வெள்ளிக்கிழமை மாமா, வீட்டுக்கு மூத்தவளான என் ராத்தாவுக்குச் சம்பந்தம் ஒன்றோடு வந்தார். மாப்பிள்ளை சம்மாந்துறைக்காரர், அணையில் புல்டோசர் ஓட்டுகிறவர். பெருநாளன்று மாமாவோடு வந்து சோறு தின்றுவிட்டு, எங்கள் கிணற்றுக் கப்பி கிறீச்சிடுவதைக் கேட்டு, யாரும் சொல்லாமலே அதற்கு எண்ணெய் விட்டுப் போனவர். அன்றிலிருந்து ராத்தா தேவைக்கு மேல் தண்ணீர் அள்ளினாள். குடங்கள் நிறைந்தன, வாழைப் பாத்திகள் நிறைந்தன, பிறகும் அள்ளினாள்.

வாப்பா வெற்றிலையை மடித்தார். மடித்ததை விரித்தார்.

“அணை முடிஞ்சா வெள்ளக்காரன் மெசினையும் கப்பல்ல ஏத்திட்டுப் போயிருவான். பொறகு இவன் எதை ஓட்டுவான்? என்ட வளவுக்குள்ள கோழியையா? வேணா மச்சான். நாளைக்கே சொல்லியனுப்பு.”

மாமாவின் வாயில் அதற்கு மட்டும் ஓகே வரவில்லை.

அறை வாசலில் சீலை தொங்கியது. அதற்குப் பின்னால் ராத்தா இருந்தாள். பெரியவளாகிக் குமரான நாளிலிருந்து உலகத்தை அவள் அங்கிருந்துதான் கேட்டாள். எங்கள் ஊரில் குமரிடம் சம்மதம் கேட்டால் அவள் பேசாதிருப்பாள். பேசாமையை ஓம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஆனால் வாப்பாவே வேண்டாம் என்று முடித்துவிட்ட இடத்தில் பேசாமையால் என்ன ஆகும்? வாய் திறந்து ஓம் என்றாலோ, குமர் தானே மாப்பிள்ளை கேட்டாள் என்று ஊர் கைகொட்டிச் சிரிக்கும்.

சீலைக்குள்ளிருந்து மெல்ல, ஆனால் தெளிவாக வந்தது: “ஓகே.”

மாமா தரையைப் பார்த்தார். வாப்பாவின் கையில் வெற்றிலை அப்படியே நின்றது. அவர் சீலைப் பக்கம் திரும்பவே இல்லை. பாயில் அவருடைய முழங்காலில் சாய்ந்திருந்த என்னைப் பார்த்தார்.

“என்ன புள்ள சொன்னாய்?”

“நானில்ல வாப்பா!”

“இன்னொருக்காச் சொல்லு பாப்பம்.”

நான் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டேன். சீலை சற்றே அசைந்தது.

“ஓகே.” இம்முறை அதில் கொஞ்சம் அழுகையும் இருந்தது.

பொத்திய என் வாயையே பார்த்தபடி வாப்பா தலையாட்டினார். “கேட்டிச்சு மகள், கேட்டிச்சு.” பிறகு மாமாவிடம் சொன்னார்: “சின்னவள் இவ்வளவு சொல்றாள், பொறகென்ன? வரச் சொல்லு மச்சான்.”

சொல்லாத சொல்லை என் தலையில் கட்டிய அநியாயம் பொறுக்காமல் குசினிக்கு ஓடினேன்.

“உம்மா, வாப்பாக்குக் காது கேக்குதில்ல! ராத்தாட கொரல் எது, என்ட கொரல் எது எண்டு தெரியுதில்ல!”

உம்மா முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு, தோள் குலுங்கக் குலுங்க அடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். வாப்பாவின் காதுக்காகத்தான் அழுகிறார் என்று நினைத்து, நானும் அவரைக் கட்டிக்கொண்டு அழுதேன்.