அண்ணன் கவ்விய வாஷர்

"தொலைச்சிடாதீங்கக்கா, இது இல்லாம வண்டி கிளம்பாது" என்று டிரைவர் என் உள்ளங்கையில் ஒரு செப்பு வாஷரை வைத்தார். சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். பொத்தேரியில் மாணவர் விடுதிகளுக்குத் தண்ணீர் டேங்கர் இழுக்கும் எங்கள் பழைய டிராக்டருக்கு நேற்று காலை டீசல் பில்டர் மாற்றினோம். போன வருஷம் அண்ணன் இறந்ததிலிருந்து வண்டி என் பொறுப்பு. பொறுப்பு என்றால், பக்கத்தில் நின்று பயப்படுவது.

பில்டரை மாற்றினால் உள்ளே காற்று புகுந்துவிடும். அதை வெளியேற்றாமல் எஞ்சின் ஓடாது. பில்டருக்கு மேலே இருக்கும் சின்ன ஸ்க்ரூவைக் கழற்றிவிட்டுக் கை பம்ப்பை அடித்துக்கொண்டே இருக்க வேண்டும். முதலில் நுரை வரும், பிறகு குமிழி, கடைசியில் சுத்தமான டீசல். உடனே ஸ்க்ரூவை மூடிவிட வேண்டும். அதற்கு அடியில் போகும் வாஷர் சேற்றில் விழுந்தால் தேட முடியாது என்று அண்ணன் அதை உதட்டில் கவ்விக்கொள்வார். அந்த நேரத்தில் யார் என்ன கேட்டாலும் பதில் வராது. சாதாரண நாளிலேயே வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று இருப்பவர்.

அதனால்தான் அந்த நேரத்தைத் தேர்ந்தெடுத்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்பு காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் வேலை பார்த்தேன். அங்கே கணக்குப் பாடம் எடுத்தவரை விரும்பினேன். அவர் சர்ச்சுக்குப் போகிறவர். அப்பா இல்லாத எங்கள் வீட்டில் அண்ணன் வைத்ததுதான் சட்டம். அவர் என்னைத் திட்ட முடியாத ஒரு வேளை வேண்டியிருந்தது. இதே டிரைவர் பம்ப் அடிக்க, அண்ணன் குனிந்து குமிழியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் ஒரே மூச்சில் கேட்டேன்.

"அண்ணா, எனக்கு ஒருத்தரப் பிடிச்சிருக்கு. கிறிஸ்டியன். கட்டிக்கட்டுமா?"

அண்ணன் நிமிர்ந்தார். கண் விரிந்தது. தலை ஒருமுறை மேலே போய்க் கீழே இறங்கியது. எனக்கு அது போதும். "தேங்க்ஸ்ண்ணா" என்று ஓடியே விட்டேன். அம்மாவிடம், சொந்தக்காரர்களிடம், எல்லோரிடமும் "அண்ணன் சரின்னுட்டார்" என்றேன். அம்மா அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தட்டிலிருந்த சோற்றைப் பார்த்தார். தாம்பரத்தில் கல்யாணம். விருந்துக்கான தண்ணீரை அவரே டேங்கரில் ஓட்டிவந்தார். சர்ச்சில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். அந்த முகத்தில் இருந்தது சந்தோஷமா கோபமா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை. அதைப் பற்றி அவர் கடைசிவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று பம்ப் அடித்துக்கொண்டிருந்த டிரைவரிடம் இதைச் சொன்னேன். அவர் கை நின்றுவிட்டது.

"இன்னாக்கா சொல்றீங்க? அண்ணன் எங்க தலைய ஆட்டுச்சு? நீங்க கேட்ட ஷாக்குல வாஷர முழுங்கிடுச்சுக்கா! 'தங்கச்சியாண்ட மூச்சு வுட்டே, நாளைலேர்ந்து வண்டியத் தொடாத'ன்னு சொல்லிடுச்சு. நான்தான் வேற வாஷர் வாங்க தாம்பரத்துக்கு ஓடினேன்."

முதலில் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது. தொண்டையில் ஒரு செப்பு வளையம் இறங்கியதைச் சம்மதம் என்று நினைத்தா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தினேன்? வேண்டாம் என்று சொல்ல வந்தவரை நான்தான் முந்திக்கொண்டேனா? எனக்காக விட்டுக்கொடுத்தாரா, இல்லை முழுங்கிய வெட்கத்தில் சும்மா இருந்தாரா? ஒன்றும் விளங்கவில்லை. இனி யாரிடம் போய்க் கேட்பது? இறந்துபோன மனிதர்மேல் கோபம்கூட வந்தது.

டிரைவர் மறுபடி பம்ப்பை அடிக்கத் தொடங்கினார். "அதுக்கு அப்பறமும் கல்யாணத்துக்கு மூணு மாசம் இருந்துச்சேக்கா. முழுங்கின பொறவு வாயிலதான் ஒண்ணும் இல்லியே. வேணான்னா சொல்லிருக்கும்ல?"

துளையில் குமிழி நின்று டீசல் சுத்தமாக வந்தது. அவர் வாஷருக்குக் கை நீட்டினார். என் உள்ளங்கை காலி. பதறிப்போய்க் கீழே தேடினேன். அப்புறம்தான் தெரிந்தது, எப்போது வைத்தேனோ, அது என் உதட்டில் இருந்தது.

"இன்னாக்கா, நான் சொல்றது சரிதான?"

தலையை ஆட்டினேன்.