வளை நெல்

எங்களைப் பற்றி எழுத வந்த படித்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். நாடா வைத்துத் தலையை அளந்தார்கள், போட்டோ பிடித்தார்கள், 'இருளர்கள் எலி தின்பவர்கள்' என்று எழுதிக்கொண்டு பஸ் ஏறிப் போனார்கள். எலி வளைக்குள் இருக்கும் நெல் யாருக்குச் சொந்தம் என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்காவிட்டால் போகட்டும். நாலாம் வகுப்பு வரை படித்தவள் நான், நானே எழுதுகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மயிலம் போகிற வழியில், ஏரிக்கரைக்குக் கீழே எங்கள் குடிசைகள். நெல் முற்றும் நேரத்தில் நிலக்காரர்கள் எங்களுக்கு ஆள் அனுப்புவார்கள். ஓட்டைச் சட்டியில் வைக்கோலைத் திணித்துப் பற்றவைத்து, வளை வாயில் கவிழ்த்துப் புகை ஊதுவோம். எலி மயங்கியதும் வரப்பை வெட்டுவோம். கூலி கிடையாது. எலியும் எங்களுக்கு, அது உள்ளே சேர்த்து வைத்த கதிரும் எங்களுக்கு. பாட்டன் பூட்டன் காலத்து வழக்கம் அது. அதை வைத்துத்தான் ஒரு மாதம் அடுப்பு எரியும்.

அறுபதுகளின் நடுவில், அரிசிக்கு ஊரே அலைந்த ஒரு தை மாதம். பெரிய நிலக்காரர் ஒருவரின் வரப்பை என் அண்ணன் வெட்டினான். இரண்டு கூடை கதிர் வந்தது. குடை பிடித்துக்கொண்டு நிலக்காரர் வந்து நின்றார்.

"என் நிலத்து நெல்லு. வெச்சிட்டுப் போடா."

"வளை நெல்லுங்க ஆண்டே. வழக்கம்தானுங்களே."

அண்ணன் பேசியது அவ்வளவுதான். மறுநாள், களத்தில் புகுந்து நெல் திருடினான் என்று அவன் மேல் புகார். ஸ்டேஷனில் அவனுடைய வலது கையைப் பெஞ்சின் மேல் வைத்து லத்தியால் அடித்தார்கள். மூன்று விரல் மடங்கியது மடங்கியதுதான். கடப்பாரை பிடிக்க முடியாத இருளன் எதைத் தின்பான்?

அதோடு விடவில்லை. விழுப்புரம் கோர்ட்டில் வாய்தா மேல் வாய்தா. தண்டனை ஆகிவிட்டால், அதற்குப் பிறகு எந்த ஊரில் கோழி காணாமல் போனாலும் போலீஸ் அவனைத்தான் தேடி வரும். சாகும் வரைக்கும் திருடன். நிலக்காரர் கூண்டேறி 'அது வளை நெல்தான்' என்று ஒரு வார்த்தை சொன்னால் விட்டுவிடுவார்கள் என்று ஒரு குமாஸ்தா சொன்னார். அந்த ஒரு வார்த்தைக்காக அம்மா போய் நிலக்காரர் வாசலில் நின்றாள். அவர் நாயை அவிழ்த்துவிட்டார். ஏழை அழுத கண்ணீர் கூரிய வாள் என்பார்கள். அம்மா குடம் குடமாக அழுதாள், அது யாரையும் வெட்டவில்லை.

நான் அழவில்லை. அடுத்த போகம் அவர் நாற்று நட்ட நாளிலிருந்து வேலையை ஆரம்பித்தேன். மற்றவர் நிலங்களில் பிடித்த எலிகளில் சினை எலிகளை மட்டும் கொல்லாமல் பானையில் போட்டு, துணியால் வாயைக் கட்டி, விடியற்காலையில் கொண்டுபோய் அவர் வரப்பில் விட்டேன். பசியோடு இருக்கிறவள் கைக்கு வந்த கறியை விட்டுக்கொடுப்பது லேசா? விட்டேன். எங்கள் ஆட்கள் யாரும் அவர் நிலத்தில் கால் வைக்கக் கூடாது என்று மரக்காணம் வரைக்கும் சொல்லி அனுப்பினோம். யாரும் வைக்கவில்லை. பாவம் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். மடங்கிய விரல்களோடு அண்ணன் கேப்பைக் கூழ்ச் சட்டியை முழங்கையால் அணைத்துக் குடித்ததை அவர்கள் பார்க்கவில்லை.

கதிர் முற்றும்போது பாதிப் பயிர் துண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. நிலக்காரர் எங்கள் குடிசைக்கே வந்துவிட்டார்.

"இன்னாடி இது, ஒருத்தனும் வரமாட்டேன்றான். ஜல்தி வாங்க. வளையில கீறத நீங்களே எடுத்துக்கினு போங்க."

"அதையே கோர்ட்டுல சொல்லுவீங்களா ஆண்டே?" என்றேன்.

"சொல்றேன்" என்றார்.

"வளை நெல்லு எப்பிடி இருக்கும்னு கேப்பாங்க. நீங்களே கைய வுட்டு ஒரு பிடி எடுத்துப் பாருங்க. அப்பறம் நாங்க வெட்டறோம்."

அவருக்கு வேறு வழியில்லை. அண்ணனும் நானும் அவரோடு போனோம். வரப்பில் இரண்டு வளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. ஒன்றின் வாயில் புது மண் தள்ளியிருந்தது, எலி இருக்கிற வளை. இன்னொன்றில் புது மண் இல்லை. வாய் வழவழவென்று தேய்ந்து, ஒரு வீச்சம் அடித்தது. எலியைத் தின்றுவிட்டு நல்ல பாம்பு உள்ளே படுத்திருந்தது. இருளச்சிக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் அந்த இரண்டாவது வளையைத்தான் காட்டினேன்.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குந்தினார். "பாம்பு கீம்பு இருக்காதில்ல?"

"இல்லீங்க" என்றேன். கூசாமல் சொன்னேன்.

அவர் கை வளைக்குள் நுழையும்போது அண்ணன் பாய்ந்து, மடங்கிய கையாலேயே அவர் மணிக்கட்டைத் தள்ளிவிட்டான். "இதுல வாணாம் ஆண்டே. பக்கத்துல வுடுங்க."

நிலக்காரர் என் முகத்தைப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. பக்கத்து வளையில் கையை விட்டு ஒரு பிடி கதிரை எடுத்தார். எல்லாம் எலி பல்லால் காம்போடு கத்தரித்த கதிர். களத்தில் அடித்த நெல் உதிரி உதிரியாகத்தான் இருக்கும். இது அவருக்கு முன்பே தெரியாதா என்ன?

திரும்பி வரும் வழியில் அண்ணனைப் பிடித்துக்கொண்டேன். "அந்த ஆள எதுக்குக் காப்பாத்துன?"

"கேஸு இன்னும் முடியலியே. அவரு செத்துட்டா கோர்ட்டுல யாரு சொல்றது?" என்றான்.

அடுத்த வாய்தாவில் நிலக்காரர் கூண்டேறிச் சொன்னார். அண்ணனை விட்டுவிட்டார்கள்.

கேஸ் முடிந்த மறுநாள் அந்த வரப்புக்குப் போய்க் குந்திப் பார்த்தேன். பாம்பு இருந்தது. அவர்தான் அதற்கப்புறம் அந்தப் பக்கம் வரவேயில்லை.