தூக்குக்குண்டு ஆடாத கை

மேஸ்திரி மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவர். அதை மறைக்கிற பழக்கம் அவருக்குக் கிடையாது. புதிதாகப் பார்க்கிறவர்களிடம் முதல் பேச்சிலேயே சொல்லிவிடுவார். சொன்ன கையோடு, தான் எழுப்பிய மாடி வீடுகளை ஒவ்வொன்றாகக் காட்டுவார். படித்துப் பட்டம் வாங்கியவன் கட்டிய சுவரெல்லாம் வயிறு தள்ளி நிற்கிறது, தான் கட்டியதில் ஒன்றாவது சாய்ந்திருந்தால் மீசையை எடுத்துவிடுகிறேன் என்பார். அளந்து பார்க்க இதுவரை ஒருவரும் முன்வரவில்லை. சுவர் நேராக இருந்தது ஒரு காரணம். மேஸ்திரியின் வாய் இன்னொரு காரணம்.

இப்பேர்ப்பட்ட மனிதர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, போட்டோ ஸ்டூடியோவுக்கு மேலே இருந்த அறையில், குட்டை பெஞ்சில் முழங்காலை மடக்கி உட்கார்ந்து, பெண்டுலம் பிடிக்கப் பாடம் கேட்டார் என்றால், வீட்டில் விஷயம் முற்றிப்போயிருந்தது என்று அர்த்தம்.

விஷயம் வேறொன்றுமில்லை, மனைவியின் மாத்திரை. ரத்த அழுத்தம் ஏறி, சமையலறையிலேயே மயங்கி விழுந்து, ஆஸ்பத்திரியில் கிடந்து பிழைத்து வந்தவள் அவள். மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாது, விட்டால் கை கால் இழுத்துக்கொள்ளும் என்று டாக்டர் மேஸ்திரியின் முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பியிருந்தார். அந்த நேரம் பார்த்து மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, ஒரு மெல்லிய சங்கிலியைக் கொண்டுவந்து அக்காவின் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். சங்கிலியின் நுனியில் ஒரு கண்ணாடிக் கூம்பு. கேள்வி கேட்டால் பதில் சொல்லுமாம். முன்னும் பின்னும் ஆடினால் ஆமாம். குறுக்கே ஆடினால் இல்லை. வட்டமடித்தால், இப்போது தொந்தரவு செய்யாதே என்று அர்த்தமாம். கண்ணாடித் துண்டுக்கு எத்தனை கெத்து!

அன்றிலிருந்து மாத்திரையை மேசைமேல் வைத்து, அதற்கு மேலே சங்கிலியைத் தொங்கவிட்டு, "இன்னைக்கு நான் இதைப் போட்டுக்கலாமா?" என்று கேட்பது வழக்கமாயிற்று. கூம்பு குறுக்கே ஆடும். மாத்திரை டப்பாவுக்குத் திரும்பிவிடும்.

"அந்தக் கண்ணாடி என்ன டாக்டருக்குப் படிச்சிருக்கா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"நீங்க எதுக்குப் படிச்சிருக்கீங்க?"

இதற்கு அவரிடம் பதில் இருந்தது, மாடி மாடியாக இருந்தது. ஆனால் அவளிடம் அது எடுபடாது. மச்சினியைக் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் அசரவில்லை.

"மாமா, ஒண்ணும் தெரியாம திட்டாதீங்க. எங்க மாஸ்டர்கிட்ட வந்து அடிப்படையையாவது கத்துக்கோங்க. உங்க கையில அது ஆமாம்னு சொல்லட்டும், அக்கா மாத்திரை போட்டுக்குவா. என்னக்கா?"

"முறையா கத்துக்கிட்டு வரணும்" என்றாள் அக்கா. "சும்மா கையால ஆட்டினா எனக்குத் தெரிஞ்சிடும்."

மேஸ்திரி மனசுக்குள் சிரித்துக்கொண்டார். கயிற்றில் கட்டிய குண்டோடு காலம் தள்ளியவர் அவர். அவருக்கு ஒரு வகுப்பு, அதற்கு ஒரு மாஸ்டர்!

மாஸ்டர் என்பவர் அதற்கு முன்பு வீடு வீடாகப் போய்த் தண்ணீர் வடிகட்டும் மெஷின் விற்றவர். அந்தக் குரல் இன்னும் மாறவில்லை. "முழங்கையை மேசையில ஊனுங்க. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல சங்கிலி. மணிக்கட்டு தளர்வா இருக்கணும். மனசைக் காலி பண்ணுங்க. இப்போ, ஆமாம்னா எப்படின்னு காட்டுன்னு அதுகிட்ட அன்பா கேளுங்க."

அறை முழுக்க அன்பாகக் கேட்டார்கள். கூம்புகள் ஆடின. அடுத்ததாக, பதில் தெரிந்த கேள்வியாகப் பார்த்துக் கேட்கச் சொன்னார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர், "நான் உட்கார்ந்திருக்கேனா?" என்று கேட்டார். ஆமாம் என்று வந்ததும் துள்ளிக் குதிக்காத குறை. உட்கார்ந்திருப்பது பெஞ்சுக்கும் தெரியும், அவர் பின்பக்கத்துக்கும் தெரியும், கண்ணாடியும் சொன்னால்தான் திருப்தி.

மேஸ்திரியின் கையில் மட்டும் அது ஆடவில்லை. ஆணி அடித்தது போல் நின்றது.

"ஐயாவுக்கு உள்ளே அடைப்பு இருக்கு" என்றார் மாஸ்டர்.

"அடைப்பு எடுக்க எனக்கு ஆள் இருக்கு தம்பி. நீங்க கல்லை ஆடச் சொல்லுங்க."

"சந்தேகப்பட்டா ஆடாதுங்க."

"உங்க கல்லுக்கு ரோஷம் ஜாஸ்திபோல!"

பெஞ்சுகளில் சிரிப்பு எழுந்தது. சரி, கள்ளத்தனமாகவாவது ஆட்டிவிடுவோம் என்று மேஸ்திரி மணிக்கட்டை லேசாகத் தள்ளிப் பார்த்தார். கூம்பு கிளம்பியது. கிளம்பிய உடனே அவர் விரல்கள் அதன் பின்னாலேயே போய், அது போகிற பக்கம் தாங்களும் கொஞ்சம் போய், அதன் வேகத்தை வாங்கி நிறுத்திவிட்டன. மறுபடி தள்ளினார். மறுபடி விரல்கள் நிறுத்தின.

சாரத்தின் உச்சியில் காற்றடிக்கும்போது தூக்குக்குண்டு ஆடிக்கொண்டே இருக்கும். அது நின்றால்தான் சுவர் நேரா கோணலா என்று சொல்ல முடியும். செங்கல் பிடித்தவன் நிற்பான், கலவை இறுகும். மற்றவர்கள் வாயைப் பிளந்து அது நிற்கட்டும் என்று காத்திருப்பார்கள். மேஸ்திரி மட்டும் நூலைப் பிடித்த விரலாலேயே அதை அடக்கிவிடுவார். அந்த வித்தையில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது, இன்றுவரை கிடையாது. அந்தக் கை இப்போது சொந்தக்காரர் பேச்சையே கேட்கவில்லை. ஒரு பொய் ஆட்டம் ஆடித் தொலை என்றால் மாட்டேன் என்கிறது.

ஆனால் குண்டு பிடித்தவனுக்குப் பார்க்க வேண்டிய இடம் தெரியும். எல்லோரும் கூம்பைப் பார்த்தார்கள். மேஸ்திரி விரல்களைப் பார்த்தார். வங்கிக்காரரின் விரல் நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு அசைந்தது, அதற்குப் பிறகுதான் கண்ணாடி அசைந்தது. அவர் எதை எதிர்பார்த்தாரோ அந்தப் பக்கமே அது போனது. அறை முழுக்க இதே கதைதான்.

"தம்பி, எல்லாரையும் கண்ணைக் கட்டிக்கிட்டுப் பிடிக்கச் சொல்லுங்க. எது ஆமாம் எது இல்லைன்னு அது தானே ஆடட்டும், பார்ப்போம்."

"அது அடுத்த கட்டப் பயிற்சிங்க" என்று சொல்லிவிட்டு மாஸ்டர் வகுப்பைக் கலைத்தார்.

வீட்டுக்கு வந்தால் மாத்திரை மேசைமேல் தயாராக இருந்தது. மனைவி எதிரே உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் மச்சினி. மேஸ்திரி முழங்கையை ஊன்றிச் சங்கிலியைப் பிடித்தார். மனசைக் காலி செய்தார், அன்பாகக்கூடக் கேட்டார். கூம்பு கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்தது.

"பாத்தீங்களா, உங்களோட அது பேசவே மாட்டேங்குது" என்றாள் மனைவி.

மேஸ்திரிக்கு ரத்தம் தலைக்கேறியது. சங்கிலியை ஜன்னல் வழியே எறியக் கையை ஓங்கினார். எறிந்தால் மச்சினி இன்னொன்று வாங்கித் தருவாள். மனைவி விழுந்தாலோ, இன்னொருத்தியை யார் தருவார்கள்? ஓங்கிய கையை இறக்கி, சங்கிலியை அவளிடம் கொடுத்தார்.

"நீ பிடி. நீயே கேளு."

அவள் கேட்டாள். அவர் கூம்பின் பக்கம் திரும்பவே இல்லை, அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆள்காட்டி விரலின் நுனி, மாத்திரையைத் தள்ளிவிடுகிற மாதிரி, துளி அசைந்தது. கூம்பு குறுக்கே ஆடியது.

"கண்ணாடி சொல்லல. நீதான் வேண்டாங்கறே. ஏன்?"

அவள் சங்கிலியை மடியில் வைத்தாள். மச்சினி வாயைத் திறந்தாள். "நீ சும்மா இரு" என்று அவளை அடக்கினார்.

"அதைப் போட்டா இருமல் வருது" என்றாள் மனைவி. "வறட்டு இருமல். படுத்தா நெஞ்சு கிழிஞ்சிடும்போல இருக்கு."

"இருமலா? இதை ஏன் சொல்லல?"

"இருமினேனே, உங்க காதுல விழலையா? தண்ணியைக் குடிச்சிட்டுப் படுன்னு திரும்பிப் படுத்துக்கிட்டீங்க. இன்னும் சொன்னா என்ன சொல்லுவீங்க? சாரத்துலேர்ந்து விழுந்து, காலைக் கட்டிக்கிட்டு மறுநாளே வேலைக்குப் போனவன் நான், நீ இருமலுக்கு அழறியான்னு கேப்பீங்க. இந்தக் கண்ணாடி குறுக்கே பேசறதில்ல."

மேஸ்திரி வாயைத் திறந்தார். அவள் சொன்ன அதே வாக்கியம், கட்டின கால் முதற்கொண்டு, அவர் நாக்கு நுனியில்தான் நின்றுகொண்டிருந்தது. வேறு வழியில்லாமல் விழுங்கினார்.

மறுநாள் காலையில் அவரே அவளை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். "இந்த மாத்திரை சில பேருக்கு இருமல் கொண்டுவரும்மா. முதல்லயே சொல்லியிருந்தா அப்பவே மாத்தியிருப்பேன்" என்றார் டாக்டர். வேறு எழுதிக் கொடுத்தார்.

புது மாத்திரையில் இருமல் வரவில்லை. மச்சினிக்கு ஒரே கொண்டாட்டம். "பெண்டுலம் சரியாத்தானே சொல்லியிருக்கு மாமா!" என்று வாசலிலிருந்தே கூவினாள். மாஸ்டர் இதை வகுப்பில் கதையாகச் சொல்கிறாராம், அடைப்பு எடுபட்ட மேஸ்திரி என்று அவருக்கு ஒரு பட்டமும் கொடுத்திருக்கிறாராம். மேஸ்திரி மாஸ்டரையும், அவர் பரம்பரையையும், அவர் விற்ற மெஷின்களையும் சேர்த்துத் திட்டித் தீர்த்தார். அதில் அவர் ஒரு குறையும் வைக்கவில்லை.

திட்டி முடித்துத் தண்ணீர் குடிக்க உள்ளே போனபோது, மனைவி புது மாத்திரையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"என்னங்க, இதைப் போட்டா எழுந்திருக்கறப்ப லேசா தலை சுத்தற மாதிரி இருக்கு."

தலை சுற்றுகிற உயரத்தில் ஒற்றைப் பலகைமேல் நின்று சுவர் எழுப்பிய கதை உடனே நாக்கு நுனிவரை கிளம்பி வந்தது. நல்ல கதை, உண்மையான கதை. மேஸ்திரி நாற்காலியை அவள் பக்கமாக இழுத்துப் போட்டார்.

"உட்காரு. எப்பலேர்ந்து?"