போயிட்டு வாங்கன்னு சொன்னேன், வந்துட்டார்

கோயமுத்தூர் கணபதிப் பக்கம் எனக்கு முதலில் இருந்தது தகரக் கூரையும் இரவல் லேத்தும்தான். அஞ்சாவது தாண்டாதவன். பம்புக்கு ஷாஃப்ட் கடைந்தே ஷெட் போட்டேன், அதுக்குப் பின்னால் இன்னொரு ஷெட், மேலே மாடி, மாடியில் ஆபீஸ். தகரக் கூரையைப் பார்த்துச் சிரித்த சொந்தக்காரர்களே அப்புறம் பொண்ணு கொடுத்தார்கள். எங்கள் வீதியில் முதல் கம்ப்யூட்டர் லேத் இறக்கியதும் நானே.

கோயமுத்தூரில் ஏன் வேலையில்லை என்று டிவியில் கோட்டுப் போட்டவர்கள் உலகப் பொருளாதாரம் வரைக்கும் போகிறார்கள். அவ்வளவு தூரம் எதுக்கு? என் ஷெட்டுக்கு வந்தால் போதும். ஆறு பேர் நின்ற இடத்தில் அந்த மெஷினும் பட்டன் அமுக்க ஒருத்தரும்தான்.

அந்த ஆறு பேரில் கடைசியாக மிஞ்சியவர், பழைய லேத் ஓட்டிய எங்கள் டர்னர். மகளுக்குக் கல்யாணம் பேசி வைத்திருந்தார். வேலை போனால் சம்பந்தமும் போய்விடும். சனிக்கிழமை அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து, மெஷின் வந்த நிலவரத்தைப் பக்குவமாகச் சொல்லி, "சரிங்க, போயிட்டு வாங்க" என்றேன். நம்ம பக்கம் யாரையும் வெறுமனே 'போங்க' என்று சொல்கிற வழக்கமில்லை.

திங்கட்கிழமை காலையில் டிபன் கேரியரோடு நிற்கிறார்.

"ஏனுங்க, வந்துட்டீங்க?"

"நீங்கதானுங்க வரச் சொன்னீங்க."

"அது பேச்சுக்குச் சொல்றதுங்க."

"அப்ப நெசத்துக்கு என்னங்க சொல்வீங்க? சொல்லுங்க, போறேன்."

மாடியிலிருந்த மகனைக் கூப்பிட்டு அந்த 'போங்க'வைச் சொல்லச் சொன்னேன். எம்பிஏ படித்தவன், "சாப்டீங்களாண்ணா?" என்று கேட்டுப்போட்டு மாடி ஏறிவிட்டான். சாயங்காலமானால் பழக்கதோஷத்தில் நான் மறுபடி "போயிட்டு வாங்க" என்பேன். காலையில் வந்துவிடுவார்.

கொஞ்சம் கண்ணுக்கு மறைவாக இருக்கட்டுமென்று என் மொபெட்டைக் கொடுத்து, பல்லடத்தில் ஒரு தறிக்காரர் தோட்டத்துப் பம்புக்கு ஷாஃப்ட் கொண்டுபோகச் சொன்னேன். திரும்பி வரும்போது ஒரு சாக்கு நிறையத் தேய்ந்துபோன தறிச் சாமான்.

"ஒண்ணு ரெண்டுன்னா செஞ்சு தர ஆளில்லீங்களாமா. நம்ம பழைய லேத்துல கடையலாமுங்க."

ஒற்றைச் சாமானுக்குக் கம்ப்யூட்டர் மெஷினை ஓட்டினால் கட்டுபடியாகாது. பழைய லேத்தின் மேல் போட்டிருந்த படுதாவை எடுத்தோம். சாக்கு வருவது நிற்கவில்லை. முன்னே வேலையை விட்டு அனுப்பினவர்களில் இன்னொருத்தரையும் கூப்பிட்டுக்கொண்டோம்.

கல்யாணம் ஜாம்ஜாமென்று நடந்தது. பந்தியில் என் பக்கத்திலேயே நின்று டர்னர் சம்பந்திகளிடம் சொல்கிறார்: "பல்லடம் வேலை நானாப் புடிச்சதுங்க."

புடிச்சது அவராகவே இருக்கட்டும். மொபெட் யாருது? பெட்ரோல் யாருது? சம்பந்திகளைத் திரும்பக் கூப்பிட்டு, அதையும் அவர் ஒரு வார்த்தை சொல்லியாகோணும்.