மரிகோவைத் தோண்டிய நாள்

மரிகோ இறந்து மூன்று வருஷம் முடிந்த வாரம் கல்லறை அலுவலகத்திலிருந்து கடிதம் வந்தது. எனக்கு எழுத்துத் தெரியாது. மருந்துக்கடைப் பெண்தான் படித்துச் சொன்னாள். வியாழக்கிழமை குழியைத் தோண்டுவார்களாம். இரண்டு மணிக்குள் ரத்த உறவு ஒருவர் வந்து கையெழுத்துப் போட்டால் எலும்பு பெட்டிக்குள் போகும், பெட்டியின் மேல் அவள் பெயர் இருக்கும். யாரும் வராவிட்டால் பொதுக்குழி. ஏதென்ஸில் செத்தவர்களுக்கும் வாடகை வீடுதான். மூன்று வருஷம் ஆனால் அடுத்தவருக்கு விட்டுக்கொடுக்க வேண்டும்.

நான் அவளோடு வேலை பார்த்தவள்தான். ரத்த உறவு என்று அவளுக்கு மிஞ்சியிருந்தது என்னைச் சித்தி என்று கூப்பிடும் ஒரே மகன், பந்தெலிஸ். ம்யூனிக்கில் படித்துக்கொண்டிருந்தான். மருந்துக்கடையிலிருந்தே பேசினேன்.

“சித்தி, அந்த வாரம் வகுப்பு இருக்கு.”

“அவ செத்தப்ப பரீட்சை இருக்குன்ன. இப்ப வகுப்பா? வாடா.”

அந்தப் பக்கம் காகிதம் புரண்டது. பிறகு, “ஒரு நாள்தான் வர முடியும். காலையில வந்து சாயங்கால விமானத்துல திரும்பிடுவேன். அப்படியே ஊரையும் பாத்துடறேன். நாலு வயசுக்கப்புறம் நான் ஏதென்ஸைப் பாத்ததே இல்ல” என்றான்.

பெற்ற தாயைத் தோண்டி எடுக்கும் நாளில் ஊர் சுற்றிப் பார்க்கிறானாம். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். அவன் வந்தால் போதும்.

மரிகோ மலைநாட்டிலிருந்து பத்தொன்பது வயதில் வந்தவள். கப்பல்காரன் ஒருவனைக் கட்டினாள். கப்பல் திரும்பி வந்தது, அவன் வரவில்லை. அக்ரோபோலிஸ் மலையடிவாரத்து ஹோட்டலில் நானும் அவளும் சலவைக்கூடத்தில் இருந்தோம். நான் இடையில் நின்றுவிட்டேன், அவள் இருபத்தாறு வருஷம் நிற்கவில்லை. காலையில் சலவை, மதியத்துக்குமேல் அறைகள். பையனைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நாலு வயதில் ம்யூனிக்கில் இருந்த தன் அண்ணனிடம் அனுப்பினாள்; அந்த அண்ணனும் இப்போது இல்லை. “ஒரு வருஷந்தான், தசூலா” என்று என்னிடம் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் அவனுடைய கிரேக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். கடைசியில் விரிப்புக்கட்டோடு மாடிப்படியில் விழுந்தாள். எழவில்லை. அவள் துடைத்த சன்னல் ஒவ்வொன்றிலும் மலை உச்சியில் இருக்கும் அந்தப் பழைய கோயில் தெரியும். ஒரு நாள் கூட மேலே ஏறிப் பார்த்ததில்லை.

வியாழக்கிழமை காலை பந்தெலிஸ் பேருந்திலிருந்து இறங்கினான். அம்மாவின் நெற்றி, அம்மாவின் பெரிய கை. கழுத்தில் கேமரா, கையில் ஒரு பட்டியல்.

“முதல்ல அம்மா” என்றேன்.

“ஒன்பது மணிக்கு அக்ரோபோலிஸ் டிக்கெட் எடுத்துட்டேன் சித்தி. அந்த நேரத்த விட்டா உள்ள விடமாட்டாங்க. ஒரு மணி நேரம். பன்னண்டுக்குள்ள கல்லறையில இருப்போம்.”

இவனைத் தனியாக விட்டால் நழுவிவிடுவான் என்று தோன்றியது. அதனால் நானும் கூடப் போனேன். வழியில் சதுக்கத்தில் இறங்கிப் பார்லிமெண்ட் வாசலில் பாவாடை கட்டி நிற்கும் காவல்காரர்களைப் படம் பிடித்தான். பழைய சந்தையைப் பிடித்தான். ஒரு பூனையைக்கூடப் பிடித்தான். ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் ஒரு கோடு. மலையடிவாரத்தில் நான் ஓர் ஒலிவ மரத்தடியில் உட்கார்ந்துகொண்டேன். அவன் வரிசையில் போய் மறைந்தான்.

பத்து மணி ஆயிற்று. பத்தரையும் ஆயிற்று. பக்கத்தில் எள் தூவிய ரொட்டி வளையம் விற்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“என்ன பாட்டி, உன் ஆளு வெளிநாட்டுக்காரியோட ஓடிட்டானா?”

“ஓடிட்டா உன்னத்தான் கட்டிக்கணும். எள்ளாவது கிடைக்கும்.”

“அய்யோ, எனக்கு ஏற்கெனவே ஒருத்தி இருக்கா. உன்னவிட அவ வாய் பெரிசு.”

பதினொன்றுக்கு எழுந்து வாசலுக்குப் போனேன். காவலாளிப் பெண் டிக்கெட் கேட்டாள்.

“எண்பது வருஷமா இந்த மலைக்குக் கீழ கிடக்கேன். எனக்கு டிக்கெட்டா?”

“எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா.”

“ஒரு பொணம் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு. அதோட மகன் மலை மேல இருக்கான். நீ போய்க் கூட்டிட்டு வர்றியா, நான் போகவா?”

அவள் சிலுவை போட்டுக்கொண்டு வழிவிட்டாள். பளிங்குக்கல் வழுக்கிற்று. இரண்டு தடவை உட்கார்ந்துதான் ஏற முடிந்தது. கோயிலை நான் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அவன் கோயிலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மதில் ஓரத்தில் நின்றான். கீழே கூரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“அம்மா வேலை பாத்த ஹோட்டல் எது சித்தி?”

“அதோ, மாடியில துணி காயுதே, அது.”

கேமராவைத் தூக்கினான், படம் பிடிக்காமலே இறக்கினான். “பயமா இருக்கு” என்றான்.

“எனக்கு மட்டும் இல்லயா? நட.”

கல்லறைக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டே முக்கால். குழி தோண்டும் சொதீரிஸ் மண்வெட்டிமேல் சாய்ந்து நின்றான். “ஜெர்மனியில இருந்து வர்றவங்க நேரத்துக்கு வருவாங்கன்னு சொன்னாங்களே” என்றான். பந்தெலிஸ் முகத்தைப் பார்த்ததும் மேற்கொண்டு பேசாமல் மண்ணில் இறங்கினான்.

கால்மணி நேரம் மண்வெட்டிச் சத்தம் மட்டும். பிறகு அது நின்றது. சொதீரிஸ் குனிந்து கையால் மண்ணைத் தள்ளினான்.

“தசூலாம்மா, கரையல.”

எட்டிப் பார்த்தேன். முகம் போயிருந்தது, அதைப் பற்றிச் சொல்லமாட்டேன். கழுத்துக்குக் கீழே ஊதா நிற உடுப்பு நேற்று வாங்கியது போல மினுமினுத்தது. காலுறை கிழியவில்லை. உள்ளே இருந்தது எலும்பாகவில்லை.

அடுத்த கல்லறையில் விளக்கேற்றிக்கொண்டிருந்த பெண்பிள்ளை சிலுவை போட்டாள். “மண்ணே ஏத்துக்கலயே. என்ன பாவம் செஞ்சாளோ.”

“பாவம் இல்லடி, நைலான்!” என்று கத்தினேன். “நைலான்! நான் போட்டது. உன் விளக்கப் பாத்துக்க!”

நான்தான் போட்டேன். சவத்தைக் குளிப்பாட்ட வந்தவள் அன்றே சொன்னாள், பருத்தி மட்டும் போதும், இதெல்லாம் மக்காது என்று. நான் கேட்கவில்லை. சலவைக்கூடத் தண்ணீரில் இருபத்தாறு வருஷம் அவள் கால் சில்லிட்டுக் கிடந்தது. அங்கேயாவது சூடாக இருக்கட்டும் என்று ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு ஜோடி மாட்டினேன்.

பந்தெலிஸ் குழி விளிம்பில் முட்டி போட்டிருந்தான்.

“அது நான் அனுப்பின உடுப்பு.”

“ஆமா.”

“போட்டுக்கிட்டாங்களா?”

பொய் சொல்லியிருக்கலாம். வரவில்லை. “ஒரு நாளும் போடல. நீ வர்ற அன்னைக்குப் போடணும்னு வச்சிருந்தா.”

 சொதீரிஸ் மண்வெட்டியை ஓரமாகச் சாத்தினான். “இப்படி இருக்கிறவங்கள மதிலோரம் மாத்திப் புதைப்போம். இன்னும் ரெண்டு வருஷம். ஆனா இந்தத் துணியோட போட்டா பத்து வருஷம் ஆனாலும் இதே கதைதான். அத எடுக்கணும்னா சொந்தக்காரங்கதான் எடுக்கணும். எனக்கு அனுமதி இல்ல.”

“கத்தியக் குடு” என்றேன். ஒரு காலைக் குழிக்குள் விட்டேன், முட்டி மடங்கவில்லை. மறுபடி விட்டேன். பந்தெலிஸ் என் தோளைப் பிடித்து ஓரமாக உட்காரவைத்தான்.

“விடுடா. போட்டவ நான்.”

“வாங்கினவன் நான்” என்றான். கேமராவைக் கழற்றி என் மடியில் வைத்துவிட்டு இறங்கினான்.

கத்தி துணியைக் கிழிக்கும் சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நடுவில் ஒருமுறை மூலைக்குப் போய் வாந்தி எடுத்தான். அவன் கை நின்றுவிடக் கூடாது என்று நான் மேலிருந்து பேசிக்கொண்டே இருந்தேன். ஒருநாள் உங்கம்மா ஒரு கிழவரோட பல்செட்டை விரிப்போட சேத்துத் துவைச்சுட்டா. அந்த ஆள் சத்தம் போட்டப்ப, ‘அய்யா, ஊருலயே சுத்தமான பல்லு உங்களுதுதான்’னு கையில குடுத்தா. முதலாளி திட்டினா மலைநாட்டுப் பாஷையில பதிலுக்குத் திட்டுவா, அவருக்குப் புரியாது, வாழ்த்துறான்னு நெனச்சுக்குவார். பந்தெலிஸ் ஒரு தடவை சிரித்தான். சிரிப்பா அழுகையா, குனிந்திருந்தவனிடம் கண்டுபிடிக்க முடியவில்லை.

உடுப்பும் காலுறைகளும் மேலே வந்தன. எலும்பைக் கழுவிக் காயவைக்க நான் ஒரு வெள்ளைப் பருத்தி விரிப்புக் கொண்டுபோயிருந்தேன். மூலையில் ஹோட்டல் முத்திரை இருக்கும். திருடியதுதான். அதில் அவளைச் சுற்றினான். சொதீரிஸ் தலைப்பக்கம், மகன் கால்பக்கம். மதிலோரத்தில் இன்னொரு குழி தயாராக இருந்தது.

அலுவலகத்துக்குள் நுழைந்தபோது இரண்டாக ஐந்து நிமிஷம். குமாஸ்தா சாவியைக் கையில் வைத்துக்கொண்டு முறைத்தான். பந்தெலிஸ் கையெழுத்துப் போட்டான், தாளில் அழுக்கு விரல் பதிந்தது.

“பேரு எங்க எழுதுவீங்க?” என்று கேட்டேன்.

“மதிலோரத்துல பேர் கிடையாதும்மா, எண் மட்டும்தான். நாற்பத்தொண்ணு.”

வாசலில் காப்பிக்கடை. துக்கத்துக்கு வருபவர்களுக்குக் காப்பியும் ஒரு வாய் பிராந்தியும் தருவார்கள். அவன் நாலு தடவை கை கழுவியும் நாற்றம் போகவில்லை, கோப்பையை முகத்தருகே கொண்டுபோக முடியவில்லை. நான் பிடித்துக் குடிக்கவைத்தேன். இருபத்திரண்டு வயது ஆண்பிள்ளைக்கு.

“ரெண்டு வருஷத்துல வந்துடுவேன் சித்தி.”

“நம்பமாட்டேன்.”

“சத்தியமா.”

“அதுக்குள்ள நான் போய்ட்டா உனக்கு யாருடா போன் பண்ணுவா? அவங்க மருந்துக்கடைக்கா கடிதம் போடுவாங்க? மதில்ல நோட்டீஸ் ஒட்டுவாங்க, ஒரு வாரம் பாப்பாங்க, பொதுக்குழியில தட்டிடுவாங்க.”

 பேருந்து வந்தது. பட்டியலில் இன்னும் இரண்டு அருங்காட்சியகங்கள் மிச்சம் இருந்தன. விமானத்துக்கு நாலு மணி நேரமும் மிச்சம் இருந்தது. எதற்கும் போகாமல் நேராக விமான நிலையத்துக்கே போனான். பின் சன்னலில் தலை தெரிந்தது. திரும்பிப் பார்க்கவில்லை.

அது ஒன்றரை வருஷத்துக்கு முந்திய கதை. இரண்டு தடவை போன் செய்தான், மூன்றாவது தடவை இல்லை. எனக்கு நெஞ்சில் நீர் கோத்திருக்கிறது, மருத்துவர் பூசி மெழுகிப் பேசுகிறார். எண்ணை எழுதிவைத்துக்கொள்ள எனக்குத் தெரியாது. அதனால் மருந்துக்கடைப் பெண்ணிடம் சொல்லியிருக்கிறேன், பாதிரியாரிடம் சொல்லியிருக்கிறேன், எள் வளையம் விற்பவனிடம்கூடப் போய்ச் சொன்னேன். உங்களிடமும் சொல்கிறேன். மதிலோரம், இரண்டாவது பைன் மரத்துக்குப் பக்கத்தில், நாற்பத்தொன்று. வரும் மார்ச்சில் தோண்டுவார்கள். அவள் பெயர் மரிகோ.