வாளுக்குக் கட்டிய காப்பு

முதல் உலக யுத்தத்துக்குச் சில வருடங்களுக்கு முன், இலங்கையில் அப்புத்தளை மலைக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஆலையில், தோட்டத்துப் பேச்சில் ஸ்டோரில், நான் சின்னக் கணக்கப்பிள்ளையாக இருந்தேன். தேயிலை அனுப்பும் பெட்டிகளை எண்ணி வாங்குவது என் வேலை. ஸ்டோரை ஒட்டிய தகரக் கொட்டகையில் பெட்டிப் பலகை அறுக்க ஒரு வட்ட வாள் இருந்தது. ஆற்றுத் தண்ணீரில் சுற்றும் சக்கரம் பெல்ட் வழியாக அதை ஓட்டும். ஒரு மரப்பிடியைத் தள்ளினால் வாள் ஓடும், இழுத்தால் பெல்ட் விலகி நிற்கும்.

ஓடும்போது அதற்குப் பல் இருப்பதே தெரியாது. பலகைத் தூளும் ஜன்னல் வழியே வரும் பனியும் கலந்த வெளிச்சத்தில், மேசைக்கு மேல் பாதி நிலா அசையாமல் நிற்பது போலிருக்கும். அதன் ரீங்காரத்தில் எனக்கே கண் சொக்கும். அந்த அழகுதான் எனக்குப் பயம்.

வாள் பிடிப்பவர் என் வயதுக்காரர். வேலையில் கவனமானவர். கம்பளியைக் கழற்றி ஆணியில் மாட்டாமல் மேசைக்கு வரமாட்டார். பலகையின் கடைசி முனையைக் கையால் தள்ளாமல் ஒரு குச்சியால்தான் தள்ளுவார். ஆனால் அந்த வருடம் மாரியம்மன் திருவிழாவுக்கு அவர் காப்புக் கட்டியிருந்தார். சாகக் கிடந்த குழந்தை பிழைத்ததற்காகத் தீ மிதிப்பதாக நேர்த்திக்கடன். வலது மணிக்கட்டில் மஞ்சள் நூல், அதன் நுனியில் ஒரு மஞ்சள் துண்டு தொங்கியது. திருவிழா முடியும்வரை அதை அவிழ்க்கக் கூடாது. பகலில் பட்டினி வேறு.

அந்த நூல் ஆடுவதைப் பார்த்துப் பார்த்து, வாளில் சிக்கிவிடும் என்று நான் நச்சரித்தேன். அவர் சிரித்தார்.

"கணக்குப்புள்ள, நீங்க பொட்டிய எண்ணுங்க. என் கைய ஆத்தா எண்ணிக்குவா."

ஒரு மத்தியானம் பனி கொட்டகைக்குள்ளேயே வந்துவிட்டது. பசி மயக்கமோ, வாளின் தாலாட்டோ, அவர் கண்கள் எங்கேயோ இருந்தன. குச்சி மேசையோரம் கிடக்க, கை பலகையோடு போய்க்கொண்டிருந்தது. நான் பிடியை நோக்கி ஓடுவதற்குள் சரக்கென்று ஒரு சத்தம். தகரத்தில் ஏதோ பட்டுத் தெறித்தது.

வாளை நிறுத்திவிட்டு அவர் கையைப் பிடித்து எண்ணினேன். ஐந்து. நம்பாமல் மறுபடி எண்ணினேன். முடிச்சும் அப்படியே இருந்தது. தொங்கிய மஞ்சள் துண்டு மட்டும் இல்லை.

வெளிறிப்போன முகத்தோடு, "ஆத்தா மஞ்சளோட விட்டுட்டா" என்றவர், அடுத்த பலகையை எடுக்கக் குனிந்தார். அதுதான் எனக்கு நடந்ததைவிடப் பயமாக இருந்தது.

கொழுந்து கொண்டுவந்த பெண்கள் சத்தம் கேட்டு வாசலில் கூடியிருந்தார்கள். அவர்களில் அவர் மனைவியும் இருந்தாள். உள்ளே வந்து தூளுக்குள் கிடந்த மஞ்சள் துண்டை எடுத்தாள். சேலை ஓரத்தில் ஒரு நூலை உருவி, அந்தத் துண்டை அதில் முடிந்து, வாளை ஓட்டும் மரப்பிடியில் கட்டினாள்.

"இதுக்கும் காப்புக் கட்டியாச்சு. திருவிழா முடியிற வரைக்கும் ஓடக் கூடாது."

"இதுவும் தீ மிதிக்கப் போகுதா?" என்று கேலி செய்தார் அவர்.

"நீங்க மிதிச்சுட்டு வாங்க. அதுவரைக்கும் இது விரதம் இருக்கட்டும்."

அதன்பின் அந்தப் பிடியைத் தொட ஒருவருக்கும் துணிவு வரவில்லை. ஆட்கள் கைவாளால் பலகை அறுத்தார்கள். பெட்டிகள் குறைந்தன. பெரிய கணக்கப்பிள்ளை தோட்டத்து வெள்ளைக்காரத் துரையை அழைத்துவந்தார். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நடந்ததைச் சொன்னேன். துரை நூலை நோக்கி விரலை நீட்டினார். பிறகு வாளைப் பார்த்தார், நீட்டிய விரலையும் பார்த்தார். கையைச் சட்டைப்பைக்குள் விட்டுக்கொண்டு போய்விட்டார்.

வாள் பிடிப்பவர் தீ மிதித்து வந்தார். ஆற்றங்கரையில் எல்லோரும் காப்பை அவிழ்த்த பிறகே பிடியில் இருந்ததும் அவிழ்ந்தது. ஆனால் அந்த வழக்கம் நிலைத்துவிட்டது. வாளின் பல்லை அராவும்போதும், மேசைக்கடியில் தூள் அள்ளும்போதும், முதலில் பிடியில் ஒரு மஞ்சள் நூல் ஏறும். நூல் இருக்கும்வரை யாரும் பிடியைத் தள்ளமாட்டார்கள்.

நான் பதுளைக்கு மாறிப்போன அன்று, ரோட்டுப் பனியில் நின்று அவர் என்னைக் கும்பிட்டார். பழக்கதோஷம், எண்ணினேன். பத்து. இன்றும் யாராவது கைகூப்பினால் என் கண் விரல்களை எண்ணிவிட்டுத்தான் முகத்துக்குப் போகிறது. பத்தும் இருக்கிற ஒவ்வொரு முறையும், சேலையிலிருந்து உருவிய அந்த ஒற்றை நூலுக்கு நான் மனதுக்குள் ஒரு கும்பிடு போடுகிறேன்.