ஏறாமல் நின்றவர்களை எண்ணியவர்

“வண்டியில ஏறுனவங்களைக் கண்டக்டர் எண்றாரு. ஏறாம நிக்கிறவங்களை யாரு சார் எண்றது?”

ஜோகுபாளையம் திருப்பத்தில், பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் இப்படிக் கேட்டவர் டைம்கீப்பர் ஏழுமலை. சென்ற திங்கட்கிழமை அவர் காலமானார். அன்று மாலை அந்த நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய ஓட்டுநர், சன்னல் வழியே என்னைப் பார்த்து, “மேஷ்ட்ரே, நம்ம டைம்கீப்பர் போயிட்டாரு” என்றார். வாத்தியாரைக் கன்னடத்தில் அப்படித்தான் அழைப்பார்கள். உடனே வண்டியை எடுத்துவிட்டார்.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தொண்ணூறுகளின் இறுதியில், வேறொரு டிப்போவிலிருந்து மாற்றலாகி ஏழுமலை எங்கள் நிறுத்தத்துக்கு வந்தார். வண்டி வந்த நேரத்தையும் போன நேரத்தையும் எழுதுவது அவர் வேலை. கையில் ஒரு அட்டை, அதில் நூலால் கட்டிய பென்சில். வண்டி புறப்பட அவர் விசில் ஊதமாட்டார். பக்கவாட்டுத் தகரத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டுவார். தெருக்கோடியில் இருக்கும் என் வீட்டுக்கே அது கேட்கும்.

அப்போது வைட்ஃபீல்டில் கண்ணாடிக் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்தன. அவற்றைப் பெருக்கித் துடைக்க எங்கள் தெருப் பெண்கள் போனார்கள். சிவாஜிநகரிலிருந்து வரும் ஏழரை மணி வண்டி நிரம்பி வழிந்து வரும். பாதி நாள் நிற்காமலே போய்விடும். என்னிடம் படித்த செல்வியை, “இன்னொரு நாள் லேட்டானா வேலைக்கே வராதே” என்று சூப்பர்வைசர் எச்சரித்திருந்தார். அவள் வீட்டில் சம்பாதிப்பவள் அவள் ஒருத்தியே.

எங்கள் நிறுத்தத்திலிருந்தே ஒரு வண்டி புறப்பட வேண்டும் என்று ஏழுமலை மேலிடத்துக்கு எழுதினார். நிபந்தனையுடன் பதில் வந்தது. ஏழரை வண்டி போன பிறகு நிற்பவர்களை ஆறு நாள் எண்ண வேண்டும். ஒரு நாள்கூட அறுபதுக்குக் குறையக் கூடாது. வெளியாள் ஒருவரும் சேர்ந்து எண்ணி, இருவரும் ஒரே எண்ணின் கீழ் கையெழுத்திட வேண்டும்.

“தினம் அட்டெண்டன்ஸ் எடுக்கிறவரு நீங்க. நீங்களே வாங்க சார்” என்றார்.

முதல் நாள் என் கணக்கில் அறுபத்தைந்து பேர். அவருக்கு அறுபத்தாறு.

“இன்னா சார், உங்களை எண்ண மறந்துட்டீங்களா?” என்று செல்வி கேட்க, நின்ற பெண்களெல்லாம் சிரித்தார்கள். எண்ணுகிற எங்கள் இருவரையும் நாங்கள் சேர்க்கவே இல்லை. மறுபடி எண்ணினோம். அதே வித்தியாசம்.

இரண்டாம் நாளும் ஒன்று. ஐந்தாம் நாள் வரை இப்படியே. எப்படியும் அறுபதுக்கு மேல் இருந்ததால், என் குறைந்த எண்ணையே எழுதிக் கையெழுத்திட்டோம்.

ஆறாம் நாள் சனிக்கிழமை. கூட்டம் குறைவு. எனக்கு ஐம்பத்தொன்பது. அவருக்கு அறுபது.

“ஒருத்திக்காக எங்க எல்லாரையும் வுட்டுடுவீங்களா சார்?” என்றாள் செல்வி.

ஏழுமலை என்னை வற்புறுத்தவில்லை. “உங்க கண்ணுக்குப் பட்டதை எழுதுங்க சார். எனக்கோசரம் பொய் வேணாம்.”

“நான் யாரை விடுகிறேன்? காட்டுங்கள்” என்றேன்.

விளக்குக் கம்பத்தைக் காட்டினார். “தோ, தெனம் அங்கதானே நிக்குது அந்தம்மா. நீலப் புடவை, ஒயர் கூடை. செருப்பு வாருல ஊக்கு குத்தியிருக்கு பாருங்க.”

கம்பத்தருகே யாரும் இல்லை. செல்வி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“பாக்கியம் அக்கா சார். போன மழைக்கு, ஓடுற வண்டியில ஏறப்போயி இங்கியேதான் வுழுந்து செத்துப்போச்சு.”

ஏழுமலை மாற்றலாகி வந்தது அதற்குப் பின்புதான். யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம். இத்தனை ஆண்டுகளாக எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம் அது. ஆனால் அன்று அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன்.

வருகைப் பதிவேட்டில் வராத பிள்ளைக்கும் ஒரு வரி உண்டு. அதை நான் அடித்ததில்லை. பாக்கியம் இந்த நிறுத்தத்தில் ஏற முடியாமல் போனவர். அதில் என்ன பொய்? அறுபது என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

வண்டி கிடைத்தது. முதல் நாள் காலை காலி வண்டி வந்து நின்றதும் எல்லோரும் ஏறி உட்கார்ந்தார்கள். செல்விக்குச் சன்னலோரம். ஏழுமலை மட்டும் தகரத்தைத் தட்டவில்லை.

“யாரூ இல்ல, ஹோகோணா?” என்றார் ஓட்டுநர். ஆள் இல்லையே, போகலாமா என்கிறார்.

“ஸ்வல்ப இருப்பா. ஒருத்தர் ஏறணும்.” கொஞ்சம் பொறு என்று கை காட்டினார் ஏழுமலை.

படிக்கட்டு மெல்லத் தாழ்ந்து முனகியது. பிறகுதான் இரண்டு தட்டு. நான் கம்பத்தைப் பார்த்தேன். அவர் அட்டையைப் பார்த்தார். “இப்ப யாரும் பாக்கியில்லை சார்” என்றார். அதற்குப் பிறகு எப்போது சேர்ந்து எண்ணினாலும் எங்கள் எண்ணிக்கையில் வித்தியாசம் வந்ததே இல்லை.

ஓய்வு பெற்ற பின்னும் தினமும் காலையில் வந்து அந்த வண்டியை அனுப்பிவைத்தார். ஓட்டுநர்களும் அவர் தட்டாமல் எடுக்கமாட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை அடக்கம் முடிந்தது. மறுநாள் காலை அவருக்குப் பதிலாக நான் போய் நின்றேன். ஒரு கையில் குடை, மறு கையில் அவருடைய அட்டை. எல்லோரும் ஏறினார்கள். வண்டி பழக்கத்தில் சற்று நின்றது. படிக்கட்டு முனகியது. தகரத்தில் இரண்டு தட்டுக் கேட்டது. வண்டி புறப்பட்டது.

மாலையில் திரும்பி வந்த ஓட்டுநர், “காலையில நீங்கதானே தட்டுனீங்க மேஷ்ட்ரே?” என்றார்.

என் இரண்டு கைகளிலும் பொருள் இருந்ததை அவரிடம் சொல்லவில்லை.

போய் வாருங்கள், ஏழுமலை. உங்களுக்கு உட்கார இடம் கிடைத்திருக்கும்.

இதைப் படிப்பவர்கள் நாளைக் காலை, உங்கள் நிறுத்தத்தில் பேருந்து கிளம்பிய பிறகு, ஏறாமல் நிற்பவர்களை ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.